டோனியாவுக்குக் கிடைத்த கைதட்டல்

இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஒன்றுக்கு வரும்? எனக்கு வராது. டோனியா ராட்லிஃபுக்கும் வராது. ஒரு பெண்ணின் வாழ்க்கை போயும் போயும் இதில் வந்து சிக்கிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

டோனியா என் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். முன்பு அவள் அந்த இல்லத்திலேயே படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை பார்த்தவள். தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார், பழகினால் விடாத போதை மாத்திரை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் மீதிக் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒருவராவது இப்படிப் போயிருக்கிறார்கள். மாத்திரையை விட முடியாமல், கடையில் கிடைக்காதபோது திருடி, கடைசியில் ஒரு நோயாளியின் மாத்திரைப் புட்டியோடு பிடிபட்டாள். மகள் ரேலினை அரசாங்கம் கொண்டுபோய் டவுனில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டது.

ஜெயிலா, போதை கோர்ட்டா என்று கேட்டார்கள். ஜெயிலுக்குப் பதிலாகச் சிகிச்சை. வாராவாரம் ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும், படிப்படியாக மேலே ஏற வேண்டும். கடைசிப் படிக்கு வந்துவிட்டால் ரேலின் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டோனியா தலையாட்டினாள். நல்ல திட்டம்தான், இல்லையென்று சொல்ல நான் யார்? அவள் மாத்திரையை விட்டது அதனால்தான். அந்தச் சோதனைச் சட்டம்தான் என்னைக் கொதிக்கவைக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. டோனியாவுக்குப் பழுப்பு. காலையில் போன் போட்டால் பதிவுசெய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். பழுப்பு என்று வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கோப்பையில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும், ஒரு பெண் காவலர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். டோனியாவின் லைசென்ஸ் பறிபோயிருந்தது, மலையில் பஸ் ஏது, நான்தான் என் ஓட்டை வண்டியில் கொண்டுபோவேன். சிறுநீர் வரவில்லையா? போதை போட்டதாகக் கணக்கு. சரி, தண்ணீர் குடித்துவிட்டுப் போனால்? அது நீர்த்துப்போயிருந்தால் எதையோ மறைக்கப் பார்த்தாய் என்று அதுவும் போட்டதாகவே கணக்கு. என்ன எழவு நியாயம் இது?

அந்தத் திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் ஆவி கொதித்துக்கொண்டிருந்தது. பழுப்பு என்று குரல் வந்ததுதான் தாமதம், இவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"போதும்டி! வயிறா அது, கிணறா?"

"போன தடவ வராம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது வில்மாக்கா. அந்தப் பொம்பள வேற வாட்சையே பாத்துக்கிட்டு நிக்கிது. இந்த வியாழக்கிழம கடைசிப் படி அக்கா. ரேலின் வர்றா. இப்பப் போயி வரலன்னு உக்காந்திருக்க முடியுமா?"

வியாழக்கிழமை ரேலின் வந்திருந்தாள், வளர்ப்புத் தாயோடு. பதினாலு வயது, அம்மா மாதிரியே முன்பல்லில் சந்து. டோனியா முடியைச் சுருட்டி, என் நீல கவுனைக் கடன் வாங்கிப் போட்டிருந்தாள். கோர்ட்டுக்குள் போகும் முன்பே அவளைக் கண்காணிக்கும் அதிகாரி தீனா வராந்தாவில் எங்களை ஓரங்கட்டினாள்.

"டோனியா, உன் சாம்பிள் வெறும் தண்ணியா வந்திருக்கு."

"அய்யோ, தண்ணி குடிச்சேங்க. வேற ஒண்ணுமே இல்ல. எம்பொண்ணு மேல சத்தியம்."

"நான் நம்புறேன், நம்பல, அது வேற. ஜட்ஜ் கேப்பாரு. போட்டேன்னு ஒத்துக்கிட்டா ஞாயிறு வரைக்கும் ஜெயில், அவ்வளவுதான். உன் படி உனக்கு இருக்கு, பொண்ணும் வந்துருவா. இல்லன்னு சாதிச்சா பொய் சொல்றேன்னு எடுத்துப்பாரு. முதல் படியிலேருந்து ஆரம்பிக்கணும்."

"போடாததப் போட்டேன்னு சொல்லணுமா?" என்று நான் கத்தினேன். "இது கோர்ட்டா, கூத்துக் கொட்டகையா? திரும்ப சோதிச்சுப் பாருங்களேன்!"

"திங்கக்கிழம ஒண்ணுக்க இன்னிக்கு எப்படிம்மா சோதிக்கிறது?" என்றாள் தீனா. அவளும் பாவம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அவளுக்குக் கோர்ட் கொடுத்த வக்கீல் பையனும் வந்து அதையே ஒப்பித்துவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினான்.

டோனியா சுவரில் சாய்ந்தாள். "முதல் படியிலேருந்துன்னா இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்க்கா" என்றாள். "அதுக்குள்ள அவ என்னை மறந்துருவா."

நான் அவள் கவுனின் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.

ஜட்ஜ் பெயர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், எல்லோரையும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பவர். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "டோனியா, இங்க நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். உண்மை. என்ன நடந்துச்சு?" என்றார்.

டோனியா திரும்பி மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "போட்டேங்கய்யா. ஒரே ஒரு மாத்திரை. மன்னிச்சிருங்க" என்றாள்.

"இத சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குத் தெரியும்" என்றார் ஜட்ஜ். "எல்லாரும் டோனியாவுக்குக் கை தட்டுங்க."

அந்தக் கோர்ட்டில் அது வழக்கம். யார் ஒரு நல்ல காரியம் செய்தாலும் கைதட்டுவார்கள். ஹால் முழுக்கத் தட்டியது. தீனா தட்டினாள், வக்கீல் பையன் தட்டினான், விலங்கு போட்டு ஓரத்தில் உட்காரவைத்திருந்த ஒருத்தன்கூடச் சங்கிலி குலுங்கத் தட்டினான். நான் கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேலின் பக்கம் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

அங்கிருந்தே காவலர் டோனியாவை அழைத்துப்போனார். என்னைத் தாண்டும்போது குனிந்து, "ரேலின்கிட்ட மட்டும் சொல்லிரு அக்கா. நான் போடல. அவ மட்டும் நம்பினாப் போதும்" என்றாள்.

ரேலினை வாசல் படியில் பிடித்தேன். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "இங்க பாரு கண்ணு, யார்கிட்டயும் சொல்லிராத. அம்மா எதுவும் போடல. தண்ணி குடிச்சதுல வந்த வினை. நீ வீட்டுக்கு வரணும்னுதான் அப்படிச் சொன்னா."

"சும்மா இருங்க ஆன்ட்டி."

"சத்தியமாடி! நான் பக்கத்துல இருந்தேன்!"

"எப்பப் புடிபட்டாலும் அம்மா போடலன்னுதான் சொல்லும். வாய் குழறும்போதும் அதான் சொல்லும். நீங்களும் எத்தன தடவ வந்து அம்மாவுக்காகப் பேசியிருக்கீங்க? இன்னிக்குத்தான் முதல் தடவயா உண்மையச் சொல்லியிருக்கு. நான்தான் அங்க ரொம்ப சத்தமாக் கை தட்டுனேன். இதையும் கெடுத்துராதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வந்துருவேன். அம்மாகிட்ட சொல்லிருங்க."

வளர்ப்புத் தாய் ஹாரன் அடித்தாள். ரேலின் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் ஜெயில் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். கசங்கிப்போன நீல கவுனோடு டோனியா வந்தாள். கதவைச் சாத்துவதற்குள்ளேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

"நம்புனாளா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். "உன்ன ரொம்ப நம்புறாடி" என்றேன்.