ஆறும் ஏழாவது நரம்பும்

“...ஊதி ஊதி உள்ள நரம்பு வெடிச்சுதுன்னா, நீங்களா வந்து ஒட்டுவீங்க?” என்று கேட்டு, பலூனை என் மடியிலேயே போட்டாள் என் மனைவி.

வீடுகளுக்கு ஒயரிங் செய்து பிழைப்பவன் நான். அறுந்த எதையும் ஒட்டிவிடலாம் என்று பதில் வாய் வரை வந்தது. அவள் குரலில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

சில நாட்களுக்கு முன்பு, காலையில் அவள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி விழித்திருக்க, இடது பாதி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அக்கா ஓடிவந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்: “நேத்து குரோம்பேட்ட போய்ட்டு ட்ரெய்ன்ல ஜன்னலோரம் குந்திகினு வந்தியே, காத்து அடிச்சிகீது.” அவர் கணக்கில் எல்லா நோய்க்கும் காற்றுதான் குற்றவாளி. எனக்கோ பக்கவாதம் என்ற பயம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு, “புருவத்தைத் தூக்குங்கம்மா” என்றார். வலது நெற்றியில் கோடு விழுந்தது. இடது நெற்றி இஸ்திரி போட்டது போல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் தெளிந்தது எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மூளையின் வலது பாதி உடம்பின் இடது பக்கத்தையும், இடது பாதி வலது பக்கத்தையும் ஆள்கிறது. நெற்றிக்கு மட்டும் இரண்டு பாதிகளிலிருந்தும் உத்தரவு வருகிறது. என் தொழில் பாஷையில், நெற்றிக்கு ரெண்டு லைன். மூளையின் ஒரு பாதியில் கோளாறு என்றால் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும். நெற்றியும் சேர்ந்து அணைந்திருந்தால், பழுது பெரும்பாலும் மூளையில் இல்லை, வழியில்.

“மூளையிலேர்ந்து நேரா பன்னெண்டு ஜோடி நரம்பு கிளம்புது சார். இது ஏழாவது. காதுக்குப் பின்னாடி எலும்புச் சந்து ஒண்ணு வழியா முகத்துக்கு வரணும். அந்தச் சந்துல வீங்கிக்கிச்சு. பெரும்பாலும் சரியாயிடும்.”

எனக்கு அந்த நரம்பின் மேல் மரியாதையே வந்துவிட்டது. சிரிக்க வைப்பது, கண்ணை மூட வைப்பது, நாக்கின் முன்பக்கத்துக்கு ருசி சொல்வது, காதுக்குள் சத்தத்தைக் குறைக்கும் குட்டித் தசையை இழுத்துப் பிடிப்பது, எல்லாம் அது ஒன்றே. அதனால்தான் காபி தகரம் மாதிரி இருக்கிறது என்றாள். குக்கர் விசிலடித்தால் இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அவள் காதில் விழுந்தது மூன்றே வார்த்தைகள்: மூளை, நரம்பு, வீக்கம். அவள் அப்பா “தலையில நரம்பு வெடிச்சு” படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாள். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பட்டை ஒட்டினாள். பயிற்சி மட்டும் செய்யவில்லை. கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்ப வைக்கவும், பலூன் ஊதவும் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். சேலையூரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பிள்ளைகள் அவள் உதட்டைப் பார்த்துத்தான் எழுத்து படிக்கும். இப்போது ‘ப’ சொன்னால் காற்று கசிந்து ‘ஃப’ என்று வருகிறது. “டீச்சர் பாதிதான் சிரிக்கிறாங்கன்னு சொல்லும்ங்க, அதுங்க” என்பாள். லீவு முடியப் போகிறது.

“நரம்புன்னா ஒயரு மாதிரிம்மா. வெடிக்காது” என்றேன், மடியில் கிடந்த பலூனை எடுத்து.

“ஒயரு ஷார்ட் ஆகி பத்திக்காதா? போன மாசம்தானே ஒரு வீட்ல அப்படி ஆச்சுன்னு வந்து சொன்னீங்க.”

என் உவமை என்னையே அடித்தது.

“சரி, ஒயர விடு. இந்த நரம்புல ரத்தம் ஓடாது.”

“ஊசி போடறப்ப நரம்பு கெடைக்கல, கைய மூடும்மான்னு நர்ஸ் குத்தறாங்களே, அதுல?”

“அது ரத்தக்குழாய்.”

“நரம்புன்னுதானே சொல்றாங்க.”

“சொல்றாங்க. அதுவும் நரம்பு, இதுவும் நரம்பு. உங்கப்பாவுக்கு வெடிச்சது ரத்தம் ஓடுற நரம்பு. உனக்கு வீங்கினது சேதி ஓடுற நரம்பு. அது வேற, இது வேற.”

வெளியே கேம்ப் ரோடு பஸ் ஒன்று ஹாரனடித்துப் போனது. இடது காதைப் பொத்தியவள், கையை எடுக்காமலே சொன்னாள்:

“போன வருஷம் கணக்கு பாடத்துல ஆறு எழுதுங்கன்னு சொன்னேன். ஒரு பொண்ணு சிலேட்டுல தண்ணி ஓடற மாதிரி வளைச்சு வளைச்சு போட்டு, மீனும் போட்டு வெச்சிருந்தா. அவளப் பாத்து அப்படிச் சிரிச்சேன்.”

“ம்.”

“இப்ப நரம்புன்னதும் நானும் அவ போட்ட ஆத்துலயே விழுந்து கெடக்கேன்.”

அவள் வலது பக்கம் மட்டும் சிரித்தாள். நான் இரண்டு பக்கமும் சிரித்தேனா, தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது.

எழுந்து போய்க் கண்ணாடி மேலிருந்த துண்டை உருவினாள். என் கையிலிருந்த பலூனை வாங்கி உதட்டில் வைத்தாள். இடது ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போனது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அந்த ஓரத்தில் தானே அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி மறுபடி ஊதினாள்.