தரையில் ஓடிய இளநீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரைத் திருவிழா சமயத்தில் நடந்தது. அழகர்கோவில் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பேச்சுக்குத்தான் நான் தோப்புக்காரன். பழங்காநத்தத்தில் பைக் உதிரி பாகக் கடை நடத்தும் எனக்குத் தேங்காயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சட்னியோடு சரி.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தப் பக்கத்துத் தோப்புகளில் கூலி வேலை பார்த்த குடும்பம். இவர் துணிந்து குத்தகை பிடித்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இளநீர்க் கடையும் போட்டுவிட்டார். யாரிடமும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் மரங்களுக்குக் கருகல் நோய் வந்தது. அடி மட்டைகளில் ஓலை ஓரமெல்லாம் பழுப்படித்து, தீயில் காட்டிய காகிதம் மாதிரி கருகிக்கொண்டே வந்தது. நான் வெயில் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். அவர் சும்மா இருக்கவில்லை. கருகிய ஓலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வந்தார். பூஞ்சண நோயாம். விட்டால் மட்டை மட்டையாக மேலே ஏறிப் பிஞ்சுக் குரும்பையெல்லாம் கொட்டிவிடுமாம்.

மோசமாகக் கருகிய மட்டைகளை வெட்டி எரித்தார். மரத்தடியில் வேப்பம்புண்ணாக்கு போட்டார். அப்புறம் வேர் வழியாக மருந்து வைத்தார். அதை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். மண்ணைப் பறித்து, உயிருள்ள வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய சின்ன பாலித்தீன் பையை அதில் மாட்டிக் கட்டினார். மறுநாள் பார்த்தால் பை காலி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல மரம் மொத்தத்தையும் இழுத்திருந்தது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மருந்து காயிலும் ஏறியிருக்கும் என்பதால், மருந்து வைத்த மரத்தில் ஒன்றரை மாதத்துக்குக் காய் பறிக்கக் கூடாது. இளநீர் வியாபாரமே கோடையில்தான். அதனால் நோய் முற்றிய மரங்களுக்கு மட்டும் முதலில் மருந்து வைத்துவிட்டு, மற்ற மரங்களில் பறித்துக் கடையை ஓட்டினார். வித்தியாசம் தெரிவதற்காக, மருந்து வைத்த மரத்துக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரு சுண்ணாம்புப் பட்டை போட்டு வைத்திருந்தார்.

இங்கேதான் என் மச்சான் வருகிறார். அக்கா வீட்டுக்காரர், பெயின்ட் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனால் கை சும்மா இருக்காது. அழகர் சாமி மலையிலிருந்து புறப்படும் அன்று, போகிற வருகிற சனங்களுக்குத் தோப்பு முகப்பில் பந்தல் போட்டு இளநீர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் பந்தல் போட வந்தவர், பாதி மரத்தில் பட்டை இருக்கிறது, பாதி மரத்தில் இல்லை, பார்க்க நன்றாகவா இருக்கிறது என்று, பாதையோரத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் கோயில் சுவர் மாதிரி வெள்ளையும் காவியும் அடித்து அழகு பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை, எந்த மரத்தில் ஏறுவது என்று தான் வந்து காட்டுவதாகக் குத்தகைக்காரம்மா சொல்லியிருந்தார். மச்சானுக்குப் பொறுமை ஏது? வழக்கமாக ஏறுகிறவர் திருவிழாவுக்குப் போய்விட்டதால், புதிதாக ஓர் ஆளைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவரும் காய் பெருத்துக் கிடந்த மரமாகப் பார்த்து இறக்கினார். பந்தலுக்குப் பக்கத்தில் குலை குலையாக ஒரு குவியல். மச்சான் முதல் காயை வெட்டித் தானே குடித்து ஏப்பம் விட்டார். இரண்டாவதை என் மகள் கையில் கொடுத்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அந்த நேரத்தில்தான் குத்தகைக்காரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மரங்களைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். நேராக என் மகளிடம் வந்து, வாய்க்குக் கொண்டுபோன இளநீரைக் கையிலிருந்து பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம்தான், மருந்து வைத்த மரங்களிலும் காய் இறக்கியிருக்கிறது என்று விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மரம் தெரியும். குவிந்து கிடந்த காயில் எது எந்த மரத்துக் காய் என்று யாரால் சொல்ல முடியும்?

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. அதை மறைக்க வீம்பு பேசினார்.

"நான் குடிச்சிட்டு நல்லாத்தான நிக்கிறேன்? ஒரு இளநியில என்னம்மா ஆயிரப் போகுது?"

"ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம்ணே. ஆனா தெரிஞ்சே எப்படிண்ணே வெட்டிக் குடுக்க?"

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. பந்தலுக்குப் போக மீதி அவருடைய இளநீர்க் கடைக்குப் போக வேண்டிய காய்கள் அவை. குழம்புக்காவது கொடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கொடுக்கவில்லை. யாரும் பிறகு பொறுக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அரிவாளை எடுத்து ஒவ்வொரு காயாக இரண்டாக வெட்டிப் போட்டார். இளநீர் மண்ணில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மச்சானும் இன்னொரு அரிவாளோடு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சாலையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. திருவிழா அன்று தாகத்தோடு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். குத்தகைக்காரம்மா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடையில் இருந்த தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். முந்தின நாள் காலையில் தானே பக்கத்தில் நின்று, மருந்து வைக்காத மரங்களில் மட்டும் பறித்து அனுப்பிய காய் அங்கே விற்பனைக்கு இருந்தது. "கடையைச் சாத்திட்டு அம்புட்டையும் ஏத்திக்கிட்டு வாங்க" என்றார். வருடத்திலேயே ஆரப்பாளையத்தில் அவருக்கு அதிகம் ஓடுகிற நாள் அது.

காய் வந்து சேர்ந்தது. அன்று பந்தலுக்கு வந்த யாரும் தாகத்தோடு போகவில்லை. விலை கொடுக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, சாமி காரியத்துக்குக் காசா என்று கேட்டுவிட்டு அடுத்த காயை வெட்டப் போய்விட்டார். மழைக்கு முன்னால் மீதி மரங்களுக்கும் மருந்து வைத்தார். வாய்க்கால் ஓரம் காய்ந்த மட்டை ஒன்றுகூடக் கிடக்க விடவில்லை. நோய் நின்றுவிட்டது. இப்போது புது மட்டைகள் பச்சைப் பசேலென்று விரிந்து நிற்கின்றன.

எனக்கு நிறையப் பேர் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் என் மகள் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொட்டிய அந்தப் பெண்ணைத்தான் நான் இன்றும் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.