ஆளுக்குப் பாதி மாத்திரை

போன வருடம் பங்குனி மாதம், கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். அப்பாவின் உயிர்ச் சிநேகிதரான சேக்காளி மட்டும் இல்லை. அவர் வரவே கூடாது என்று நான்தான் கறாராகச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் ஒரு குவார்ட்டரை ஆளுக்குப் பாதியாக ஊற்றித்தான் ஆரம்பிப்பார்கள். எத்தனையில் முடியும் என்பது அவர்களுக்கே தெரியாது.

அப்பாவுக்கு ஈரல் வீங்கியிருந்தது. இனியும் குடித்தால் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் குடிக்கும் ஆசையைக் குறைக்கிற ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. யார் சொல்லியும் கேட்காத அப்பா இதற்கு மட்டும் சம்மதித்தார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் விதிகளையெல்லாம் வரிவரியாக விளக்கினேன். தினமும் மாத்திரையை நானே எடுத்துக் கொடுப்பேன். "சாப்புட்டுட்டுப் போடுதேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விடுவார்.

அன்று பரிசோதனை. டாக்டரம்மா காலி அட்டைகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, சேக்காளி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"டாக்டரம்மா, பாதி மாத்திரைக்கே இந்தக் குமட்டு குமட்டுதே! முழுசாப் போட்டா ஆளு பொழைப்பானா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"தனியா எப்படிம்மா சாப்புடுறது?" என்றார் அப்பா. "மருந்தோ, வெறும் மாத்திரையோ, எது வந்தாலும் அவனுக்குப் பாதி."

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "கல்யாணமாயி இத்தன வருசத்துல எனக்கு ஒரு முறுக்கப் பிட்டுத் தந்திருப்பியளா?"

டாக்டரம்மா முகக்கவசத்தை மேலே இழுத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். பிறகு கண்டிப்பாகவே பேசினார். அடுத்தவர் மருந்தை விழுங்குவது ஆபத்து. அப்பா இனி ஆய்வில் இருக்க முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒத்துக்கொண்ட ஒரே வைத்தியம் அது.

சேக்காளிதான் முன்னால் போனார். "வேற வைத்தியம் இருந்தாச் சொல்லுங்கம்மா. நானும் சேந்து வாரேன். நான் வந்தா இவன் வருவான்."

அப்படித்தான் இரண்டு பேருக்கும் வழக்கமான சிகிச்சை தொடங்கியது. வியாழக்கிழமை தவறாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு தடவை சறுக்கினார். இரண்டு தடவையும் வந்து காட்டிக்கொடுத்தது சேக்காளிதான். ஈரல் வீக்கம் இறங்கியிருக்கிறது.

ஆய்வில் இருந்தவரை பஸ் காசு ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். இப்போது எங்கள் கைக்காசு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்குக் காசு கிடையாது. அப்பா பிழைக்க வேண்டும் என்று யாரை விரட்டப் பார்த்தேனோ, அவருக்கும் சேர்த்து டிக்கெட் கேட்கும்போதெல்லாம் படித்தவன் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அடங்குகிறது. ஆண்கள் மூன்று பேர், போக வர, வாரத்துக்குத் தொண்ணூறு ரூபாய்.