மறந்துவிட்டுப் போன குடை

என் மகள் ஆங்கில நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "யாரு, என்ன செஞ்சாங்க, எதை" என்று முணுமுணுக்கிறாள். அதைக் கேட்டதும், நான் பள்ளியில் படித்தபோது கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அம்மா போட்டிருந்த இளநீர்க் கடையின் ஈர மட்டை வாசனை எனக்கு வந்துவிடுகிறது.

ஒரு நாள் கிரிவலம் வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இளநீர் குடித்துவிட்டு, குடையை மறந்துவிட்டு நடந்தார்.

"இங்கிலீஷ் படிக்கிறியே, கூப்டுடி" என்றாள் அம்மா.

குடையோடு பின்னாலேயே ஓடினேன். பள்ளியில் சொல்லித்தந்தபடி 'யாரு, என்ன செஞ்சாங்க, எதை' என்ற வரிசையில் சொற்களை உதட்டுக்குள்ளேயே கோத்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கத்தினேன்.

"யூ ஃபர்காட் அம்ப்ரெல்லா."

அவர் திரும்பினார். குடையை வாங்கிக்கொண்டார். அவருடைய உதடுகளும் என்னுடையவை போலவே சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

"நீ என் குடையைக் கொண்டு வந்தாய்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு வரி எழுத இவ்ளோ நேரமா?" என்று மகளைக் கேட்கிறார் கணவர்.

அவள் உதடு அசைந்துகொண்டிருக்கிறது.

"இருங்க, வருது" என்கிறேன்.