ஏறும் கோட்டில் இல்லாத பையன்

என் மகள் ரோஸ்லின் எட்டு வயதில் மறுபடியும் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். இரண்டே வாரத்தில் சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

எங்கள் தெருமுனை கிளினிக் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிறுநீர்த் தொற்று என்று எழுதினார். வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காமல் பிள்ளை என்ன செய்யும் என்று சிரித்தார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சுவர் நிறையப் பட்டம் மாட்டியிருந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் இல்லை.

மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது, வாயில் அழுகிய பழ வாடை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பயிற்சியிலிருந்த இளம் பெண் மருத்துவர்தான் விரலில் குத்திப் பார்த்தார். கருவியில் எண்ணே வரவில்லை; அதன் அளவைத் தாண்டியிருந்தது. டைப் 1 நீரிழிவு (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே அழித்துவிடுவது), அது முற்றிக் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாவது) என்றார்.

“எவ்ளோ நாளைக்கு ஊசி போடணும்?” என்று கேட்டேன்.

“ஆயுசுக்கும் போடணும்மா.”

சாக்லேட் கொடுத்து நானே பிள்ளையைக் கெடுத்துவிட்டதாக நாத்தனார் சொன்னாள். பொட்டப்பிள்ளை, வெளியே சொல்லாதே என்றும் அவளே சொன்னாள். கஷாயத்தால் ஊசியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தார். இதைப் படிக்கும் பெற்றோரே, இன்சுலினை நிறுத்தச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மரியாதையெல்லாம் தேவையில்லை.

இரண்டு வருடம் கழித்து ஓட்டல் ஒன்றில் விழிப்புணர்வுக் கூட்டம். வெளியூர் நிபுணர் ஒருவர் திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டினார். நாடு முழுக்கக் குழந்தைகளிடம் நீரிழிவு கூடுகிறதாம். செல்போன், பாக்கெட் தீனி, சமைக்கச் சோம்பும் அம்மாக்கள்தான் காரணமாம். உடல் பருமனால் வருவதையும் என் மகளுக்கு வந்ததையும் ஒரே மூட்டையில் கட்டினார். இடைவேளையில் எங்களுக்குக் கிரீம் பிஸ்கட் கொடுத்தார்கள்.

என் பக்கத்தில் பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சின்ன மகளோடு உட்கார்ந்திருந்தார். மூத்த பையனுக்கு டைபாய்டு என்றே மருந்து கொடுத்தார்களாம். சர்க்கரை என்று தெரிந்தது கடைசி நாளில்தான்; சீட்டில் டைபாய்டு என்றே இருக்க, பையன் போய்விட்டான். அதே தாகம் மகளுக்கு வந்தபோது அவராகவே, சர்க்கரை பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் பிழைத்தாள்.

அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நான் எழுந்தேன்.

“இவரு பெரிய புள்ள டைபாய்டுன்னு பேரெழுதியே செத்துப்போனான். உங்க கோட்டுல அவன் எங்க இருக்கான்?”

பதிவேட்டில் வந்தவர்களைத்தான் எண்ண முடியும், நேரமாகிவிட்டது, அடுத்த கேள்வி என்றார் நிபுணர். கோடு ஏறுவதில் ஒரு பங்கு, முன்பு நோயின் பெயர் தெரியாமல் செத்தது போன்ற பிள்ளைகள் இப்போது பிழைத்து எண்ணிக்கையில் சேர்வதாகவும் இருக்கலாம் என்று, பிறகு கோரிமேட்டு மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். மேடையில் இருந்தவருக்கு அம்மாக்களைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் விவசாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ரோஸ்லினுக்கு இப்போது பதினொன்று. வகுப்பில் தன் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறாள். வீட்டு வாசலில் விளையாடும்போது சில நாள் கை நடுங்கும். சர்க்கரை இறங்குவதை என்னைவிட முன்னால் அவள் உடம்பு சொல்லிவிடுகிறது. குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டுப் படியில் உட்காருவாள். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நானும் உட்காருவேன்.

“நடுக்கம் நின்னுடுச்சும்மா,” என்று சர்க்கரையைச் சோதித்துக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாள்.

எனக்கு எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது.