பஸ் முழுக்கக் கேட்ட கேள்வி

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் செய்துகொண்டிருந்த காலம். நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற பஸ். மறியல் பெரிய ரோட்டோடு நின்றுவிடும், மலைப் பக்கம் வராது என்று முதலாளி சொன்னதை நம்பி அன்று காலை வண்டியை எடுத்தோம்.

பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. திரும்பலாம் என்று பார்த்தால், அதற்குள் பின்னாலும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். "ஒங்கள ஒன்னும் பண்ணமாட்டோம். வண்டி மட்டும் நகரக்கூடாது" என்றார்கள். அவசரக்காரர்கள் இறங்கி நடந்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவர்களில் கலகலப்பான ஆள் என்றால் நைனார்பாளையத்துக்காரர் ஒருவர்தான். நாற்பது வயது இருக்கும். கிணறு வெட்டுகிற தொழில். பாறைக்கு வைத்த வெடி முன்கூட்டியே வெடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. பக்கத்தில் போய்க் கத்தினால் கொஞ்சம் கேட்கும். இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கொண்டுவந்த சாப்பாட்டை எல்லாருக்கும் பங்கிட்டார். மலைக்காரர் ஒருவருக்குத் தன் புதுப் போர்வையைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கைய நீட்டு கண்டக்டரே."

நீட்டினேன். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டார். "எனுக்கு இனிமே டைம் பாக்கற வேல இல்ல. நீ வெச்சிக்க."

காது போனபின் தொழில் நின்றுவிட்டது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதுவரை என்னிடம் கடிகாரமே கிடையாது. டிரைவரிடம் போய்க் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

பின் சீட்டில் கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா இருந்தார். வாரா வாரம் மலைச் சந்தைக்கு வருகிறவர். கூடையை மேலே ஏற்றச் சொல்லி நானும், முடியாது என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவோம். அந்த அம்மா எழுந்து போய்க் கிணறு வெட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்டார்.

"மலையில யாரு வூட்டுக்குத் தம்பி?"

"யாரு வூட்டுக்கும் இல்லக்கா."

"எப்பத் திரும்புவ?"

அதற்கு அவர் சிரித்தார். அந்த அம்மா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலைத் தணித்து எதையோ கேட்டார். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை பஸ் முழுக்கக் கேட்டது.

"செத்துப்போலாம்னு நெனச்சிக்கினு போறியா தம்பி?"

முன் சீட்டில் இருந்த வாத்தியார் ஒருவர் பதறி எழுந்தார். "இன்னாம்மா கேள்வி இது? இல்லாத நெனப்ப நீயே மனசுல ஏத்திவுடுவ போல இருக்குதே!"

அவர் சொல்லி முடிக்கவில்லை. கிணறு வெட்டுகிறவர் குனிந்த தலையோடு சொன்னார்.

"ஆமாக்கா."

இரண்டு மணி நேரமாக அந்த மனிதரோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த சோற்றைத் தின்றிருந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, போவதற்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் நான்தான். கையைப் பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார், நான் பரிசு வாங்கிக்கொண்ட சந்தோஷத்தில் இருந்திருக்கிறேன்.

"பொண்டாட்டி புள்ளய நெனச்சிப் பாத்தியா? ஆம்பள இப்பிடிக் கோழையா..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"சார், நீ கொஞ்சம் சும்மா இரு. அவரு பேசட்டும்" என்றார் அந்த அம்மா.

அவர் பேசினார். காதுக்குள் ராத்திரி பகல் ஓயாத இரைச்சல். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. "கத்திப் பேசணுமேன்னு வூட்டுலயே யாரும் எங்கிட்டப் பேசறது கெடையாது. நான் இல்லன்னா அவங்களாச்சும் நிம்மதியா இருப்பாங்க." அழாமல், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். அந்த அம்மா குறுக்கே எதுவும் பேசவில்லை. கடைசியில், "ரொம்பக் கஷ்டந்தாம்பா" என்று மட்டும் உரக்கச் சொன்னார். அப்போதுதான் அவர் உடைந்து அழுதார்.

"கையில இன்னாவாச்சும் வெச்சிக்கினு இருக்கியா? இருந்தா எங்கிட்டக் குடுத்துடு."

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. டிரைவர் அதை வாங்கிப்போய் டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் கடிகாரத்தைக் கழற்றிக் கிணறு வெட்டுகிறவருக்கே திரும்பக் கட்டினேன்.

அவருடைய அக்கா கள்ளக்குறிச்சியிலேயே கருணாபுரத்தில் இருந்தார். "தனியா வுடக்கூடாது. நடந்தே கூட்டிக்கினு போயிடலாம்" என்று அந்த அம்மா கூடையை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார். நானும் கூடப் போனேன். வாத்தியார் கிணறு வெட்டுகிறவருடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பின்னால் சாய்த்திருந்த மரத்தின்மேல் அரிவாளோடு உட்கார்ந்திருந்த மறியல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போய்க் கீழே குதித்தார். "வழியில இன்னும் நாலு எடத்துல மறிச்சிருக்காங்க. நான் வந்து சொல்றேன், வாங்க" என்று அவரும் எங்களோடு நடந்தார்.

வெயிலில் நடக்கும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன். "எப்பிடிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? தெரியாததாலதான கேட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா, நல்லதாப் போச்சுன்னு என் கூடையாண்ட போய்க் குந்தியிருப்பேன்."

"தப்பா நெனச்சிருந்தா?"

"நெனச்சா நெனச்சிக்கினு போவட்டும்."

அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னதும் கையிலிருந்த குண்டான் விழுந்து உருண்டது. "போன வாரம்கூட இங்க வந்து சிரிச்சிப் பேசிட்டுப் போனானே!" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த அம்மா கேட்ட அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டார். வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரோடு திறந்ததும் மனநல டாக்டரிடம் போகச் சீட்டு எழுதினார்.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. காது வரவில்லை. இரைச்சலும் முழுதாகப் போகவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தவருக்கு மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி அந்த நினைப்பு மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை அவரே அக்காவை எழுப்பிச் சொல்லியிருக்கிறார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனாராம். அடுத்த வருஷம் அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கருணாபுரத்துக்கே குடிவந்தார். கிணற்று மோட்டார் கழற்றி மாட்டுகிற வேலைக்குப் போனார்.

வாரம் ஒரு தடவையாவது அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன். நான் கத்த, அவரும் பதிலுக்குக் கத்த, ஏதோ சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.