ஓடாத காரின் டயர்கள்

எங்கள் வீட்டுக் கார் ஓடிய காலத்தில் அதன் டயர்களை யாரும் துடைத்ததாக எனக்கு நினைவில்லை. ஓட்டம் நின்று இரண்டு வருடம் ஆன பிறகுதான் அவற்றுக்கு அந்த யோகம் அடித்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். எனக்கு ஒன்பது வயது. பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. என்னை வளர்த்ததில் பாதி அக்காதான்.

பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருடம் அப்பா பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். அந்தப் பக்கத்தில் கார் இருந்த வீடுகளை அப்போது ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு மழை ஏமாற்றியது. கிணற்றின் அடி தெரிந்தது. டிரைவர் ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை. அவரைப் பார்த்து இஞ்சினும் நின்றுகொண்டது. காரை மாட்டுச் சாளையின் ஓரத்துக்குத் தள்ளி, மேலே சோளத்தட்டைப் போட்டு மூடினார்கள். கோழிகள் பின்சீட்டில் முட்டையிட்டன. விற்றுவிடச் சொன்னவர்களிடமெல்லாம் அப்பா, பெரியவள் கல்யாணம் முடியட்டும் என்பார். ஓடாத காருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும், அவள் கேட்கவே இல்லை.

அந்த ஐப்பசியில்தான் ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்பு இருக்கிறது, சொந்தக் கார் இருக்கிறது, ஒரே பையன் என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார். அடுத்த புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது என்றால் பெண்ணை மட்டும் பார்ப்பதல்ல. கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். வைக்கோல் போரை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். பெண்ணைப் பார்க்கிற நேரம்தான் இருப்பதிலேயே குறைவு. புண்ணியத்துக்கு அந்த மாதம் பெய்த மழையில் கிணற்றில் நாலு முழம் தண்ணீர் நின்றது. ஒரு ஜோடி மாட்டைப் பெரியப்பா வீட்டிலிருந்து இரவலாக ஓட்டி வந்து கட்டியாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் தட்டினால் இனி இரண்டாந்தாரமாகக் கேட்டுத்தான் வருவார்கள் என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்று, பிறகு மறுபடியும் ஓடியது.

அப்பா டயர்களில் காற்றடித்து, காரை வாசலுக்குத் தள்ளி வந்து நிறுத்துவது என்று முடிவு செய்தார். கோழி எச்சத்தைக் கழுவி, உடம்பை ஈரத்துணியால் துடைத்ததும் மானத்தைக் காப்பாற்றுகிற அளவுக்குக் கார் தேறிவிட்டது. டயர்கள்தான் காட்டிக்கொடுத்தன. நின்றுபோன வண்டியை டயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் பழுப்பேறி, வெடிப்புகளில் மண் அடைந்து கிடந்தன. அப்பா விளக்கெண்ணெயை எடுத்துத் தாராளமாகத் தடவினார். அன்று சாயங்காலம் நான்கும் எருமைக்கன்று மாதிரி மின்னின. மறுநாள் காலையில் பார்த்தால் பாலக்காட்டுக் காற்று கொண்டுவந்த புழுதி பூராவும் அவற்றின் மேல்தான் இருந்தது.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி மலையாளி. எண்ணெய் தடவியதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். பழைய டயருக்கு மேலே பூசுவது பெரிதில்லை, முதலில் அதன் மேல் இருப்பது எல்லாம் போக வேண்டும் என்றாராம். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் தேங்காய் நாரைத் தோய்த்து, நுரை பழுப்பாக வருவது நின்று வெள்ளையாக வருகிறவரை தேய்க்க வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க நிழலில் காய வேண்டும். வெடிப்புக்குள் ஈரம் இருந்தால் பூசியது உரிந்துவிடும். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி, லாந்தர் கண்ணாடியில் படிந்த கரியைக் குழைத்து, துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு கை பூச வேண்டும். ஒரு மணி நேரம் விட்டு, போட்டதையெல்லாம் திரும்ப எடுப்பது போல அழுத்தித் துடைக்க வேண்டும். மறுநாள் இன்னொரு கை, இன்னொரு துடைப்பு. வெள்ளைத் துணியால் தேய்த்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அப்போதுதான் அது நிற்கும். மின்னக் கூடாது, கறுப்பாக இருந்தால் போதும். மின்னினால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். தரையில் படுகிற இடத்தில் மட்டும் தொடவே கூடாது, பிரேக் போட்டால் வழுக்கும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அம்மா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஓடாத காருக்கு வழுக்கினால் என்ன, வழுக்காவிட்டால் என்ன என்றாள். ஆனாலும் அப்பா அந்த இடத்தைத் தொடவில்லை. என்னையும் தொட விடவில்லை. செய்கிறது பொய்யாக இருந்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

முன்டயர் இரண்டும் அப்பாவுக்கு, பின்டயர் இரண்டும் எனக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மூன்று நாள் தேய்த்தேன். என் நகக்கண்ணெல்லாம் கறுத்துவிட்டது. அக்காவை வெயிலில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அப்பா தன் பழைய வேட்டித் துண்டால் என் டயரை அழுத்தித் தேய்த்துவிட்டுத் துணியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. அப்பா என் தலையில் ஒரு முறை கையை வைத்தார். அன்று பூரா எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த வேலையைப் பற்றி வெளியாட்கள் காதில் ஒரு சொல் விழக் கூடாது என்று பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். காப்பித் தட்டோடு வந்து நிற்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலைத்தான் தன்னால் பார்க்க முடியும் என்றாள்.

"நீதான் எனக்குக் கண்ணு. எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லோணும், அம்மிணி. ஒன்னையும் உட்டுறக் கூடாது."

நான் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டது போலத் தலையாட்டினேன். அவள் வாழ்க்கையைப் பற்றி அவளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு அவர்களுடைய அம்பாசிடர் வந்து எங்கள் கார் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளேயிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக எங்கள் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். என் டயருக்கு நேராக நின்றபோது நான் கறுத்த நகக்கண்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"வண்டிய நல்லா வெச்சிருக்கறீங்க," என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறார், இல்லாவிட்டால் தோட்டத்தைக் காரிலேயே சுற்றிக் காட்டியிருப்போம் என்று பெரியப்பா இடையில் விழுந்து சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அப்படியே கிணற்றைப் பார்த்துவிடலாம் என்று எல்லாரையும் கார்களை விட்டுத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று அப்பா பிறகு சொன்னார்.

கார்கள் இரண்டும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர்களுடைய டயர்கள் தூரத்திலிருந்து பார்க்கும்போது எங்களுடையதைவிடக் கறுப்பாக இருந்தன. மின்னவும் செய்தன. தொழில் தெரிந்தவள் என்கிற பொறாமையோடு பக்கத்தில் போய்க் குந்தினேன். பூட்ஸ் பாலிஷ் வாசனை அடித்தது. தரையில் படுகிற பக்கம் மொட்டையாக, அடியில் இருக்கிற நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஓரத்து வெடிப்புகளில் பாலிஷை அப்பி அடைத்திருந்தார்கள். விரலால் தொட்டேன். கறுப்பு கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கையும் தொட்டுப் பார்த்தேன். நான்கும் அப்படித்தான். கழுவவில்லை, காயவிடவில்லை, துடைக்கவில்லை. எங்கள் வேலைக்குக் கால்தூசி பெறாது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தென்னந்தோப்பு அவர்கள் கையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது என்பதும், அந்தக் காரை விற்கப் பேசி முடித்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து போவதற்காகவே நாலு நாள் வைத்திருந்தார்கள் என்பதும் வைகாசிக்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கார் ஓடாது என்பது அவர்களுக்கும் தெரிந்தது. நாங்கள் அவர்களைப் பிடித்துக் கரையேறப் பார்த்தோம், அவர்கள் எங்களைப் பிடித்து. இடையில் அகப்பட்டவள் அக்கா. அடுத்த வருடமே அவள் அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கக் கூலிக்குப் போனாள். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. ஓடாத காரைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று அவள் மாமியார் ஊர் கேட்கச் சொன்னாள். அவள் சொன்னது உண்மையாயிற்றே. அந்த வீட்டில் அப்பா கடைசிவரை கை நனைக்கவில்லை. ஒரு சின்னத் துப்புக் கிடைத்திருந்தால்கூடப் பெண்ணைக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். துப்பு கிடைத்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் கிளம்பிப் போனதும் நான் உள் அறைக்கு ஓடினேன். அக்கா பட்டுப்புடவையை இன்னும் மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பல்வரிசை நன்றாக இருக்கிறது, அதிகம் பேசவில்லை, அவருடைய அம்மா இரண்டு தடவை காப்பி வாங்கிக் குடித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பெரிய சேதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அவிய டயரெல்லாம் மொட்டைக்கா. வெடிப்புல பாலிஷ அப்பி வெச்சிருக்காங்க. கையில ஒட்டுது பாரு. நம்முளுது ஒட்டாது."

அக்கா என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலை முகர்ந்து பார்த்தாள். நாலுமா என்று கேட்டாள். நாலும் என்றேன். வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். வாசலில் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் இல்லை. அக்கா என் கையை விடாமலே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தேங்காயெண்ணெயை எடுத்து, தன் பழைய தாவணி ஒன்றால் என் விரலைத் தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்பு போன பிறகும் தேய்த்தாள். எனக்கு வலித்தது.

"இத அப்பாகிட்டச் சொல்லாத."

"ஏனக்கா?"

"சொன்னா அப்பா வேண்டாம்னு சொல்லிப்போடுவாரு."

அதற்குள் அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். அவர்களுக்குச் சம்மதமாம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். அக்கா தாவணியை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டு, "சரீங்கம்மா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டயரைச் சரியாகத் துடைக்கத் தெரியவில்லை என்பதற்காக யாராவது ஒரு வரனை வேண்டாம் என்பார்களா? மாப்பிள்ளை வீட்டாரை ஒரு குறை சொல்ல விடாத அளவுக்கு அதற்குள் அக்கா அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். நம்முடைய டயர்தான் ஜெயித்தது என்று ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை அவள் கெடுத்துவிட்டாள். கல்யாண நாள் வரைக்கும் நான் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.